சி மொழி நூலகத்தில் அணிச் செயற்கூறுகளும் தமிழ்ச் சொல்லடைவும்

முன்னுரை

தமிழ் நூலொன்றுக்குச் சொல்லடைவு உருவாக்கும் நிரலைச் சி மொழியில் எழுத முற்படும் ஆய்வாளர், சொற்களை முதலில் 'அரே' எனப்படும் அணியில் சேர்ப்பார். பின்னர் அவற்றை வரிசைப்படுத்தவும் தேடவும் உதவும் செயற்கூறுகளை நாடுவார். ஆனால், அம்மொழியின் நிலையான நூலகத்தில் அணிக்கெனத் தனித் தலைப்புக் கோப்பு இல்லை. அச்செயற்கூறுகள் எங்குள்ளன, அவற்றைத் தமிழ்ச் சொற்களுக்குப் பயன்படுத்துங்கால் கருத வேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அணியும் நினைவகமும்

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிசு ரிட்சி உருவாக்கிய சி மொழியில், அணி என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்த ஒரே வகை உறுப்புகளின் தொடராகும். அதனை ஒரு செயற்கூற்றுக்கு அனுப்பும்போது முதல் உறுப்பின் முகவரி மட்டுமே சென்று சேர்கிறது. எனவே, உறுப்புகளின் எண்ணிக்கையை நிரலரே தனியாகத் தெரிவித்தல் வேண்டும். அணியைக் கையாளும் செயற்கூறுகள் நினைவகச் செயற்கூறுகளாக அமைந்தமைக்கு இதுவே காரணம்.

செயற்கூறுகளின் இருப்பிடம்

இவை இரு தலைப்புக் கோப்புகளில் பிரிந்துள்ளன. முதலாவது 'ஸ்ட்ரிங்'. பெயர் எழுத்துச் சரத்தைக் குறிப்பினும், இதிலுள்ள மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட் ஆகியன எவ்வகை அணியின் பைட்டுகளையும் கையாள்வன. அணியின் நடுவே புதிய சொல்லொன்றைச் செருக, பின்னுள்ள உறுப்புகளை நகர்த்த வேண்டும். அப்போது மூலப்பகுதியும் சேரும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாதலால் மெம்மூவ் மட்டுமே பொருந்தும். மெம்காப்பியின் விளைவு வரையறுக்கப்படவில்லை.

இரண்டாவது 'எஸ்டிடிலிப்'. வரிசைப்படுத்தும் கியூசார்ட்டும் தேடும் பிசெர்ச்சும் இங்குள்ளன. கியூசார்ட் நான்கு செய்திகளை வேண்டுகிறது: அணியின் முகவரி, உறுப்புகளின் எண்ணிக்கை, ஓர் உறுப்பின் பைட்டு அளவு, இரண்டு உறுப்புகளை ஒப்பிடும் செயற்கூறு. பிசெர்ச்சுக்குத் தேடப்படும் உறுப்பின் முகவரியும் கூடுதலாகத் தேவை.

ஒப்பீடும் தமிழ் அகரவரிசையும்

நிரலர் பலரும் ஒப்பீட்டுக்கு எஸ்டிஆர்கம்ப் என்னும் செயற்கூற்றைக் கையாள்வர். அது பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். யூனிகோடு குறியீட்டு வரிசையில் ளகரம் ழகரத்திற்கு முன் நிற்கிறது. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கும் பின் நிற்கிறது. ஆகவே 'பள்ளி' 'பழம்' என்பதற்கு முன்னும், 'பகல்' 'பக்கம்' என்பதற்கு முன்னும் வந்துவிடும். இது தமிழ் அகராதி மரபுக்கு மாறானது.

வரிசைப்படுத்தலைத் தமிழ் மரபுக்கேற்பத் திருத்திவிட்டு, தேடலில் மட்டும் எஸ்டிஆர்கம்பை விட்டுவைப்பது இதனினும் தீங்கானது. சான்றாக பக்கம், பகல், பழம், பள்ளி, பறவை எனச் சரியாக வரிசைப்பட்ட அணியில் 'பள்ளி'யைத் தேடுவோம். இருகூற்றுத் தேடல் நடுவிலுள்ள 'பழம்' என்பதோடு முதலில் ஒப்பிடும். பைட்டுக் கணக்கில் 'பள்ளி' முந்தியது என்பதால் இடப்பாதியை நோக்கிச் சென்று, சொல் இல்லை என்று முடிவுரைக்கும். பிழைச்செய்தி எதுவும் எழாது. நூலில் உள்ள சொல்லை இல்லை என ஆய்வாளர் கொள்ள நேரும்.

முடிவுரை

ஆதலின், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மரபுவழி வரிசையெண் வழங்கும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றை எழுதி, அதனையே கியூசார்ட்டுக்கும் பிசெர்ச்சுக்கும் தருதல் வேண்டும். நூலகம் தருவது முறையை மட்டுமே. எது முன், எது பின் என்னும் அறிவைத் தமிழறிந்தோரே தர இயலும்.