விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள்: வேலுநாச்சியாரை எப்படிக் கற்பிக்கலாம்?

வேலுநாச்சியார் பற்றிய பாடத்தை நடத்தும்போது நாம் வழக்கமாகக் கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதுகிறோம். ஒன்று 1772. காளையார்கோவிலில் அவருடைய கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட ஆண்டு அது. மற்றொன்று 1780, சிவகங்கையை அவர் மீட்ட ஆண்டு. இடையிலுள்ள எட்டு ஆண்டுகளை 'விருப்பாச்சியில் தங்கியிருந்தார்' என்ற ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அந்த வரி போதும். ஆனால் அந்தப் பெண் யார், எதற்காக அப்படி முடிவெடுத்தார் என்பதெல்லாம் அந்த எட்டு ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது.

விருப்பாச்சி எங்கள் ஒட்டன்சத்திரம் வட்டத்து ஊர். மலைவாழைப் பழத்துக்கும் தலையூத்து அருவிக்கும் பெயர் பெற்றது. பழநிக்குப் பேருந்தில் போகும்போது மாணவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இருந்தும், ஆறாம் வகுப்புத் தமிழ் நூலிலும் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலிலும் படித்த வேலுநாச்சியார் தங்கிய இடம் அதுதான் என்று சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சண்டை நடந்த இடத்தை விட்டுட்டு வந்தவங்களை எப்படி டீச்சர் வீரமங்கைன்னு சொல்றோம்?" நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. அந்த விடையை வகுப்பறையில் எப்படிக் கட்டி எழுப்பலாம் என்பதே இக்கட்டுரை.

எந்த வீட்டின் மகள்?

வேலுநாச்சியார் 1730-இல் பிறந்தவர். இராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகள். ஆண் வாரிசு போலவே வளர்க்கப்பட்டார். குதிரையேற்றம், வில்வித்தை, சிலம்பம், வளரி ஆகியவற்றோடு பல மொழிகளும் கற்றார். 16 வயதில் சிவகங்கைச் சீமையின் முத்துவடுகநாதருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். இவர்களின் மகள் வெள்ளச்சி.

சிவகங்கையும் இராமநாதபுரமும் அயல்நாடுகள் அல்ல. சேதுபதி சீமையிலிருந்து பிரிந்ததுதான் சிவகங்கை. முத்துவடுகநாதரின் தந்தை சசிவர்ணத் தேவர், சேதுபதி மரபில் பெண் எடுத்தவர். எனவே வேலுநாச்சியார் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. குடும்பம் என்பது அன்றைய பாளையங்களில் அரசியலின் இன்னொரு பெயர். எந்தப் பிள்ளை உயிரோடிருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே ஒரு சீமை யாருக்கு உரியது என்ற வழக்கு நின்றது. இதை மாணவர்களுக்கு முதலிலேயே விளக்கிவிட்டால் பின்வரும் முடிவுகள் எல்லாம் தெளிவாகும்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம். 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று அக்காலத்து ஐரோப்பியப் பாதிரியார் ஒருவரின் கடிதம் கூறுகிறது. வேலுநாச்சியார் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, அவர் பிறந்த அதே மரபில் நடந்தது அது. கணவன் இறந்தால் அரச குலப் பெண் என்ன செய்வாள் என்பதற்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. அதை மீறி உயிரோடிருப்பதே ஒரு முடிவுதான்.

தாய்வீட்டுக் கதவும் அடைபட்டது

1772 சூன் மாதத்தில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து இந்த இரண்டு சீமைகளையும் தாக்கின. முதலில் வீழ்ந்தது இராமநாதபுரம். அங்கே அப்போது முத்துராமலிங்க சேதுபதி சிறுவன். அவருக்காக ஆட்சியை நடத்தியவர் தாய் முத்துத்திருவாயி நாச்சியார். தாயையும் பிள்ளையையும் பிடித்துத் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறைவைத்தார்கள்.

சில வாரங்களில், சூன் 25 அன்று, காளையார்கோவில் தாக்கப்பட்டது. முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். இளைய ராணி கௌரி நாச்சியாரும் அங்கேயே உயிர்நீத்ததாகக் கூறப்படுகிறது. அச்சமயம் வேலுநாச்சியாரும் மகளும் அருகிலிருந்த கொல்லங்குடியில் இருந்தனர் என்பது மக்கள் வழக்கு.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் தேதி வரிசையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, "இப்போது அவர் எங்கே போகலாம்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கணவனை இழந்த மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவாள் என்றுதான் நம் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தத் தாய்வீடு வீழ்ந்துவிட்டது. அங்கிருந்த தாயும் மகனும் சிறையில் இருக்கிறார்கள். பிடிபட்டால் தமக்கும் வெள்ளச்சிக்கும் என்ன நேரும் என்பதற்கு வேலுநாச்சியாருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. போர்க்களத்தில் இறந்திருந்தால் அவருக்குப் புகழ் கிடைத்திருக்கும். ஆனால் சீமைக்கு உரிமை கோர ஆள் இருந்திருக்காது. நவாபு சிவகங்கைக்கு உசேன்நகர் என்று பெயரையே மாற்றினார். அந்தப் பெயர் நிலைத்துவிடாமல் தடுத்தவர்கள் உயிரோடிருந்த தாயும் மகளும்தான்.

மாணவியின் கேள்விக்கு இதுவே விடையின் முதல் பகுதி.

ஏன் விருப்பாச்சி?

நில வரைபடத்தை எடுத்துக் காளையார்கோவிலையும் விருப்பாச்சியையும் ஒரு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். நேர்க்கோட்டிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். இடையில் மதுரை நவாபு, கம்பெனி ஆதிக்கத்தில் இருந்தது. அதைத் தாண்டி வடமேற்கே வந்தால் திண்டுக்கல். அது மைசூர் அரசின் கையில் இருந்தது. 1755-இல் ஐதர் அலி மைசூரின் பௌசுதாராகப் பொறுப்பேற்ற ஊர் அதுவே. கம்பெனிப் படை எளிதில் நுழைய முடியாத எல்லைக்குள், மலையடிவாரத்தில் இருந்த பாளையம் விருப்பாச்சி. அதன் தலைவர் கோபால் நாயக்கர்.

வேலுநாச்சியாருடன் பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் வந்தனர். இவர்களில் ஒருவரும் ராணிக்கு இரத்த உறவு இல்லை. கோபால் நாயக்கரும் வேற்றுமொழி பேசும் மரபினர், வேறு சீமைக்காரர். நவாபும் கம்பெனியும் தேடும் குடும்பத்துக்கு இடம் கொடுத்தால் தம் பாளையத்துக்கே ஆபத்து என்பதை அறிந்தே அவர் இடம் கொடுத்தார். பின்னாளில் அவரே திண்டுக்கல் கூட்டமைப்பின் தலைவராகக் கம்பெனியை எதிர்த்து, 1801-இல் உயிர் கொடுத்தார். விருப்பாச்சியில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. வேலுநாச்சியார் தம் குடும்பத்தின்மீது வைத்த பற்று, குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களின் பற்றினால்தான் நிலைபெற்றது. பாடத்தில் கோபால் நாயக்கரைத் தனித் தலைப்பாக நடத்தும்போது இந்த இணைப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

ஏன் எட்டு ஆண்டுகள்?

வேலுநாச்சியார் விருப்பாச்சியில் சும்மா இருக்கவில்லை. 1772 திசம்பர் 8 அன்றே தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரைவீரர்களும் 5,000 காலாட்படையினரும் அனுப்பினால் இழந்த சீமையை மீட்கலாம் என்பது கோரிக்கை. கணவர் இறந்து ஆறு மாதம் முடிவதற்குள் எழுதப்பட்ட கடிதம் இது. ஆனால் உதவி உடனே வரவில்லை. முதுமையுற்ற தாண்டவராய பிள்ளையும் விரைவில் மறைந்தார்.

ஐதரின் நிலையையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1769-இல் சென்னை உடன்படிக்கையின்படி, மைசூர் தாக்கப்பட்டால் கம்பெனி உதவ வேண்டும். மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவவில்லை. ஐதருக்குக் கம்பெனிமீது கோபம் இருந்தது; ஆனால் மராத்தியரோடு போராடிக் களைத்திருந்த நேரத்தில் தெற்கே இன்னொரு போர் தொடங்க அவரால் இயலவில்லை. 1780 சூலையில்தான் அவர் பெரும்படையுடன் கர்நாடகத்துக்குள் நுழைந்தார். அதுவே இரண்டாம் மைசூர்ப் போரின் தொடக்கம். சிவகங்கை மீட்கப்பட்டதும் அதே 1780-இல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எட்டு ஆண்டுகள் வீணாகக் கழியவில்லை என்பதும், காலம் கனியும்வரை ஆட்களையும் உறவுகளையும் கலையாமல் காத்ததே அந்த ஆண்டுகளின் வேலை என்பதும் விளங்கும்.

வயதையும் கணக்கிடச் சொல்லுங்கள். விருப்பாச்சிக்கு வந்தபோது அவருக்கு 42. சிவகங்கைக்குத் திரும்பியபோது 50. படங்களில் குதிரைமேல் இளம்பெண்ணாகவே பார்த்த பிள்ளைகளுக்கு, தங்கள் அம்மா வயதும் பாட்டி வயதும் உள்ள ஒருவர்தான் அவர் என்பது புதிய செய்தி. நாற்பதுகளில் இருக்கும் எனக்கே அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் அவர் எனக்குப் பக்கத்தில் வந்தார்.

மீட்ட பிறகு

கதையை வெற்றியோடு முடித்துவிடுவது எளிது. ஆனால் குடும்பப் பற்றின் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அரசியானதும் பெரிய மருதுவுக்குப் படைப் பொறுப்பையும் சின்ன மருதுவுக்கு அமைச்சர் பொறுப்பையும் அளித்தார். மகள் வெள்ளச்சியை வேங்கை பெரிய உடையணத் தேவருக்கு மணம் செய்து கொடுத்தார். அவரே பின்னர் சிவகங்கையின் அரசரானார். ஆனால் ஆட்சி அதிகாரம் யாரிடம் இருப்பது என்பதில் அரசிக்கும் மருது சகோதரர்களுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. காட்டிலும் மலையிலும் கூடவே நின்றவர்கள் ஒருபுறம், மகளின் உரிமை மறுபுறம். 1796-இல் வேலுநாச்சியார் மறைந்தார். 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

இந்தப் பகுதியைச் சொன்னால் தலைவர்களின் புகழ் குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்கலாம். மேல்நிலை, உயர்நிலை மாணவர்களுக்குச் சொல்லலாம் என்பதே என் அனுபவம். தங்கள் வீடுகளில் சொத்துக்காகவும் பொறுப்புக்காகவும் நல்லவர்களுக்குள்ளேயே பிணக்கு வருவதை அவர்கள் பார்த்தவர்கள்தாம். இருதரப்பிலும் நியாயம் இருக்க முடியும் என்று வரலாற்றில் ஒருமுறை கண்டால், அது வாழ்க்கைக்கும் உதவும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவது, வரைபட வேலை. இராமநாதபுரம், காளையார்கோவில், மதுரை, திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், விருப்பாச்சி ஆகிய ஆறு இடங்களைக் குறித்து, யார் கையில் எது இருந்தது என்று இரண்டு நிறங்களில் தீட்டச் செய்யலாம். தொடக்கநிலை வகுப்புகளில் வண்ணம் தீட்டுவதோடு நிறுத்தி, கதையாகச் சொன்னால் போதும்.

இரண்டாவது, முடிவுப் பட்டியல். வேலுநாச்சியார் எடுத்த முடிவு, அப்போது அவருக்கு இருந்த வேறு வழிகள், முடிவின் விலை என மூன்று கட்டங்கள். உயிரோடிருந்தது, விருப்பாச்சியைத் தேர்ந்தது, ஐதரிடம் உதவி கேட்டது, மருதிருவருக்கு அதிகாரம் அளித்தது, மகளின் திருமணம் என ஐந்து வரிசைகள் கிடைக்கும். குழுவாக நிரப்பும்போது பேசாத மாணவர்களும் பேசுகிறார்கள்.

மூன்றாவது, சான்றைப் பிரித்தறிதல். ஐதருக்கு எழுதிய கடிதம் ஆவணம். திண்டுக்கல்லில் ஐதரிடம் வேலுநாச்சியார் உருது மொழியில் பேசினார் என்பதும், காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்ட உடையாள், ஆயுதக் கிடங்கில் தீயோடு பாய்ந்த குயிலி ஆகியோரின் கதைகளும் பெரும்பாலும் வாய்மொழி வழியாக வந்தவை. வாய்மொழியைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மக்கள் யாரை மறக்க விரும்பவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் எது எந்த வகை என்று மாணவர் சொல்லப் பழக வேண்டும். குறிப்பேட்டில் ஆவணத்துக்கு 'ஆ', வழக்குக்கு 'வ' என்று ஓரத்தில் எழுதச் செய்வது எளிய வழி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்பாடத்தின் முடிவில் "உங்கள் அம்மாவும் வேலுநாச்சியாரே, எழுந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிடக் கூடாது. விடியுமுன் காய்கறிச் சந்தைக்குப் போய் ஒற்றை ஆளாகக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். தாயை இழந்தவர்களும், பாட்டி வீட்டில் வளர்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். கேட்காமலேயே அவர்கள் செய்துகொள்வார்கள்.

சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சூரக்குளத்திலுள்ள வேலுநாச்சியார் நினைவு மண்டபம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு மலைக்கோட்டையும் விருப்பாச்சியும் இருக்கின்றன. களப்பயணத்துக்கு வாய்ப்புள்ள பள்ளிகள், புறப்படும் முன் 1772-க்கும் 1780-க்கும் இடையில் கரும்பலகையில் எட்டுக் கோடுகளைப் போட்டு வைக்கலாம். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் கொண்டு எத்தனை கோடுகளை நிரப்ப முடிகிறது என்பதைத் திரும்பி வந்து மாணவர்களே எழுதிப் பார்க்கட்டும்.