முதல் பாடத்தில் ஒரு கேள்விக்குறி

இணையம் கட்டுவோம் – 14

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலுள்ள பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள். கல்லூரி நூலகத்துக்காக ஒரு சிறிய இணையப் பக்கம் செய்துகொண்டிருக்கிறாள். ஆசிரியர் பெயரைத் தட்டினால் அவருடைய புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அது காட்ட வேண்டும். பக்கம் தயார். புத்தகப் பட்டியலையும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஏற்றிவிட்டாள். இரண்டையும் இணைக்கும் இடத்தில் நான்கு நாளாக நிற்கிறாள்.

“பாடத்துல இருந்ததை ஒரு எழுத்துகூட மாத்தாம அடிச்சேன் சார். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு சொல்லுது.”

பிழை அவளுடையது அல்ல, பாடத்தினுடையது. மைஎஸ்கியூஎல்லை அழைக்கும் பழைய கட்டளைகளைக் கைவிடச் சொல்லி, பிஎச்பி மொழி 2013இல் வந்த 5.5 பதிப்பிலேயே எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பில் அவற்றை அடியோடு நீக்கியது. மொழி மாறிவிட்டது, பழைய பாடங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் அவற்றில் இடறி, தமக்குத்தான் புத்தி போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே இந்த வாரம், முதல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

சன்னலில் ஒரு மனு

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு, பக்கமும் டேட்டாபேஸும் பேசிக்கொள்ளும் விதம் சட்டென்று பிடிபடும். ஆவண அறைக்குள் நம்மை விடமாட்டார்கள். முன்பெல்லாம் சன்னலில் மனு கொடுத்தால், உள்ளே இருப்பவர் பதிவேட்டைப் புரட்டி விவரத்தை எழுதித் தருவார். டேட்டாபேஸ் சர்வர் அந்த ஆவண அறை. நாம் எழுதும் நிரல், சன்னலில் மனுவோடு நிற்கும் ஆள். அந்த ஆளுக்கு ஐந்து விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்: சர்வரின் முகவரி, போர்ட் எண் (மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432), பயனர் பெயர், பாஸ்வேர்டு, டேட்டாபேஸின் பெயர்.

நல்ல பாடம் இந்த ஐந்தையும் தனித்தனியே விளக்கும். நிரல் எழுதுவதற்கு முன்பே, கட்டளைத் திரையிலிருந்து சர்வருக்குள் ஒருமுறை போய்வரச் சொல்லும். பிழைச் செய்திகளைப் படிக்கவும் கற்றுத்தரும். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் சர்வர் ஓடவில்லை, அல்லது முகவரியோ போர்ட்டோ தவறு. ‘ஆக்சஸ் டினைடு’ என்று வந்தால் சன்னல் வரை போய்விட்டோம். பெயரோ பாஸ்வேர்டோ அனுமதியோ சரியில்லை. ‘அன்னோன் டேட்டாபேஸ்’ என்று வந்தால் ஆளை ஏற்றுக்கொண்டார்கள். கேட்ட டேட்டாபேஸ்தான் அங்கே இல்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று இந்த மூன்றுமே சொல்லிவிடும்.

ஓடும் பாடத்தின் ஆபத்து

ஓடாத பாடம் நான்கு நாளைத் தின்னும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே கெடுதல் செய்யும் பாடம்தான் பயங்கரம்.

வெள்ளைத் தாளில் எழுதிய மனுவை நினைத்துப் பாருங்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவர், “முருகன் பெயரில் உள்ளதும், மற்ற எல்லோருடையதும்” என்று எழுதிவிடுகிறார். உள்ளே இருப்பது மனிதராக இருந்தால் நிமிர்ந்து பார்ப்பார். இயந்திரம் எழுதியபடியே செய்யும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். 1998இல் ஃப்ராக் என்ற மின்னிதழில் இது வெளிப்படையாக விவரிக்கப்பட்டது. 17 ஆண்டுகள் கழித்து, 2015இல், பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியாகத்தான் களவு போயின. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இதற்கு மருந்து, கட்டம் போட்ட படிவம். கேள்வியை முன்கூட்டியே எழுதி, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவோம். பயனர் தட்டிய பெயர் தனியே போய்ச் சேரும். கட்டத்துக்குள் எதை எழுதினாலும் அது பெயராகவே இருக்கும், கட்டளை ஆகாது. ‘ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ என்பார்கள். சில இடங்களில் கேள்விக்குறிக்குப் பதில் முக்காற்புள்ளியோடு ஒரு பெயரோ, சதவீதக்குறியோ இருக்கும். வேலை ஒன்றே.

இவ்வளவு எளிய மருந்து பல பாடங்களில் இல்லை. 2017இல் யூசெனிக்ஸ் அமைப்பின் பயிலரங்கில் ஓர் ஆய்வு வெளியானது. தேடலில் முன்வரிசையில் வரும் பாடங்களில் ஓட்டையுள்ள சிலவற்றை எடுத்துக்கொண்டு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த 64,415 பிஎச்பி திட்டங்களை அலசினார்கள். அந்தப் பாடங்களின் ஓட்டைகளை நெருக்கமாக ஒத்த 117 ஓட்டைகள் அகப்பட்டன. பாடத்தில் இருப்பது பாடத்தோடு நிற்பதில்லை. அடுத்தவர் பணமும் பெயரும் இருக்கும் இடம்வரை போகிறது.

எதைப் பார்த்து எடுப்பது?

பாடத்தின் தேதியையும் பதிப்பு எண்ணையும் முதலில் பாருங்கள். கேள்விக்குறியைத் தேடுங்கள், பயனர் தட்டியதை நேராகக் கேள்வியோடு ஒட்டவைக்கும் பாடத்தை அங்கேயே மூடிவிடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ பயனராக, பாஸ்வேர்டு இல்லாமல் நுழையச் சொன்னால், அது வீட்டுக் கணினிக்கு மட்டும்தான் என்றும் அந்தப் பாடம் சொல்கிறதா என்று கவனியுங்கள். பாஸ்வேர்டை நிரலுக்கு வெளியே வைக்கக் கற்றுத்தந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

தேடி அலைய வேண்டாம் என்றால், தயாரித்தவர்களின் கையேட்டிலேயே தொடங்குங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணத்தின் முதல் பகுதியே தொடக்கப் பாடம்தான். பிஎச்பி கையேட்டில் மைஎஸ்கியூஎல்லுக்கான விரைவுப் பாடம் இருக்கிறது. பைத்தான் மொழி தெரிந்தவர்களுக்கு, அதில் இணையப் பக்கம் கட்ட உதவும் ஜாங்கோவின் பாடம். அது சர்வர் தேவைப்படாத எஸ்கியூலைட்டில் ஆரம்பிப்பதால் முதல் நாளே கைகூடும், பிறகு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.

முடித்ததும் தேடல் பெட்டியில் டி'சூசா என்று தட்டுங்கள். அந்த ஒற்றை மேற்கோள்குறியில் பக்கம் உடைந்தால் ஓட்டை இருக்கிறது. உடையவில்லை என்பதால் மட்டும் முழுப் பத்திரம் ஆகிவிடாது. ஆனால் உடைந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாணவியும் நானும் அன்று புதிய முறையில் எழுதினோம். பன்னிரண்டு வரி. டி'குரூஸ் என்று தட்டினாள். அலமாரி எண் வந்தது. சிரித்துவிட்டு, “அந்தப் பழைய பாடத்தை யார் சார் மாத்துவாங்க?” என்று கேட்டாள்.

அதை எழுதியவர் மாற்றுவார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. “இந்தப் பன்னிரண்டு வரியை நீ தமிழ்ல விளக்கி எழுதும்மா. மேலே தேதியும் பதிப்பு எண்ணும் போடு” என்றேன். அன்றிரவே எழுதி அனுப்பினாள். முதல் வரியில் தேதி இருந்தது.

*அடுத்த வாரம்: பார்க்க மட்டும் ஒருவர், திருத்த ஒருவர் – அனுமதிகளைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?*