கேக்குக் கடையும் கடிகாரமும்

மாவில்லை, நெருப்பில்லை, வேகும் பண்டத்தின் மணமுமில்லை. ஆயினும் மாலைதோறும் ஒரு கேக்குக் கடையை நடத்திக் களைத்துப்போகின்றேன். 2006ஆம் ஆண்டிலே 'சான்ட்லொட் கேம்ஸ்' நிறுவனத்தார் வெளியிட்ட 'கேக் மேனியா' என்னும் கணினி விளையாட்டைத்தான் சொல்கின்றேன்.

கதைத்தலைவி ஜில் என்னும் இளம்பெண். சமையற்கலை பயின்று ஊர் மீள்கின்றாள். பாட்டனும் பாட்டியும் நடத்திய கடையோ அயலில் எழுந்த பேரங்காடியால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. அதனை மீளத் திறப்பதற்குப் பொருள் வேண்டித் தானே ஒரு கடை தொடங்குகின்றாள். அவளுக்குக் கையும் காலுமாக இருப்பது நமது பணி.

வருவோர் ஒவ்வொருவரோடும் சில இதயங்கள் தோன்றும். அவை அவருடைய பொறுமையின் அளவு. கேக்கின் வடிவம், ஐசிங்கின் நிறம், உச்சியில் வைக்கும் அலங்காரம் யாவும் அவரவர் விருப்பம். போறணையிற் கேக்கு வேகும்போதே இதயங்கள் ஒவ்வொன்றாய் மறையும். எல்லாம் மறைந்தால் ஆளும் மறைந்துவிடுவார். ஆகவே, ஒன்று வேகுங்கால் மற்றொன்றுக்கு ஐசிங் பூசி, மூன்றாமவரிடம் காசு வாங்கி, நான்காமவர் கேட்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். எதனை முதலிற் செய்வது என்பதே இதன் முழு வித்தை. காலையில் அடுப்படியில் நின்றபடி நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார் இதில் என்னை எளிதில் வென்றுவிடுவர். அவர்களுக்குப் புள்ளி வழங்குவார்தாம் இல்லை.

ஈட்டிய பணத்தில் இரண்டாம் போறணை வாங்கலாம். விரைந்து நடக்கச் சப்பாத்து வாங்கலாம். காத்திருப்போரின் சினந்தணிக்கத் தொலைக்காட்சிப்பெட்டியும் வாங்கலாம்.

மெய்யான கடைக்காரர் அறிந்த நேரம் வேறு. கேக்கு வேக அரைமணியளவு செல்லும். வெந்தபின் ஆறவும் வேண்டும். சூட்டோடு பூசினால் வெண்ணெய் ஐசிங் உருகி வழிந்துவிடும். ஜில்லோ இறக்கியவுடனே பூசுகின்றாள்! கேட்டபின்னரே சுடுகின்றாளாதலின், அந்தியில் விலைபோகாது எஞ்சும் பண்டமும் அவளுக்கில்லை. நம்மூர்ப் பேக்கரிக்காரரின் நெஞ்சை அரிப்பது அந்த எஞ்சிய பாணன்றோ? சம்பளநாள் வரை பொறுத்திருக்கச் சொல்லும் கடன்கொப்பியும் அங்கில்லை. ஜில்லின் கடையில் வாங்குவோருடைய பொறுமை மட்டுமே அளக்கப்படுகின்றது. விற்பவருக்கும் பொறுமை என ஒன்று உண்டென்பதை அங்கே எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகின்றது. பேரங்காடி விழுங்கிய சிறுகடைக்கு இரங்குவதே கதை. அக்கடையை மீட்கும் வழியாக விளையாட்டுக் காட்டுவதோ இன்னும் விரைவு, இன்னும் ஓர் இயந்திரம் என்னும் பேரங்காடியின் வழியையே. பாட்டியின் கடையில் கேக்கு வாங்க வந்தவர் சற்று நின்று ஊர்ச்செய்தி பேசியிருப்பார். பேத்தியின் கடையில் நிற்பவரோ நிற்க நிற்க இதயத்தை இழக்கின்றார்.

நேற்று இரண்டாம் போறணையை வாங்கிவிட்டேன். தொலைக்காட்சிப்பெட்டிக்குப் பணம் போதவில்லை. அதுவரை வாடிக்கையாளர் ஜில்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.