முழங்கைக்குள் உருளும் முத்துகள்

கீல் மூட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டால், மாணவர்கள் உடனே முழங்கையை மடக்கிக் காட்டுவார்கள். கதவுக் கீலில் சிறு கல் சிக்கினால் கதவு பாதியில் நின்றுவிடும். முழங்கைக்கும் அப்படி நேர்வதுண்டு. அந்நோயின் பெயர் சைனோவியல் காண்ட்ரோமடோசிஸ். இது அரிதானது, புற்றுநோய் அன்று.

மூட்டின் உட்புறம் சைனோவியல் படலம் என்னும் மெல்லிய திசு உள்ளது. மூட்டுக்கு மசகாகும் திரவத்தைச் சுரப்பது இதுவே. இந்நோயில் அப்படலத்தில் குருத்தெலும்பு முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றுள் சில கழன்று மூட்டுக்குள் மிதக்கின்றன. அத்திரவத்திலிருந்தே ஊட்டம் பெற்று வளரவும் செய்கின்றன. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முழங்காலில்தான் அதிகம், முழங்கை, இடுப்பு, தோள் மூட்டுகளிலும் வரும்.

எனக்கு வந்தது வலது முழங்கையில். கையை முழுதாக நீட்ட முடியாது. சில நேரம் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கரும்பலகையில் எழுதுவதால் வந்த வலி என்றனர் உடன் பணிபுரிவோர். சுளுக்கு எடுக்கச் சொன்னார்கள் உறவினர்கள். எலும்பு மருத்துவரோ எக்ஸ்ரேயில் சிறு உருண்டைகள் சிதறிக் கிடப்பதைக் காட்டினார். சுண்ணாம்புச் சத்து படியாத முடிச்சுகள் எக்ஸ்ரேயில் தெரியா. அவற்றைக் காண எம்.ஆர்.ஐ. தேவை.

மாத்திரை வலியைக் குறைக்கும், முடிச்சுகளைக் கரைக்காது. எனவே நுண்துளை அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில துளைகள் போதும். உப்புநீர் செலுத்தி மூட்டை விரிவாக்குகிறார்கள். ஒரு துளை வழியே ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனுள்ள கேமராக் குழாய் செல்கிறது. மற்றொன்றின் வழியே இடுக்கி சென்று உருண்டைகளை எடுக்கிறது. நோயுற்ற படலத்தையும் அகற்றுவார்கள். அப்படியும் சிலருக்கு நோய் திரும்பலாம் என்பதால் தொடர் பரிசோதனை அவசியம்.

1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, இறந்தவரின் முழங்காலுக்குள் கருவி செலுத்திப் பார்த்தார். 1931இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பர்மன், முழங்கை இம்முறைக்கு ஏற்றதன்று என்று எழுதி, அடுத்த ஆண்டே கருத்தை மாற்றிக்கொண்டார். முழங்கை மூட்டினுள் இடம் குறுகியது. அதைச் சுற்றி மூன்று முக்கிய நரம்புகளும் செல்கின்றன. மேசை விளிம்பில் முழங்கை இடித்தால் ‘ஷாக்’ அடிப்பதுபோல் இருக்கிறதே, அது அவற்றுள் ஒன்றான அல்நார் நரம்பு. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. அசையாத முழங்கை விரைவில் இறுகிவிடும்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மூட்டு பூட்டிக்கொண்டால் இழுத்து நீவ வேண்டாம். உருளும் முத்துகள் வழுவழுப்பான குருத்தெலும்பைத் தேய்க்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. முத்துகளை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தேய்ந்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே காலம் தாழ்த்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.