காத்தாடி சுத்துது சரி, உங்க பணம் வளருமா?

ஆதிச்சநல்லூரிலிருந்து தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நம்ம பக்கம் எங்க பார்த்தாலும் காத்தாடி, சோலார். துறைமுகத்துல பசுமை ஹைட்ரஜன் வேற வந்துட்டு. போனஸ் ஒரு லட்சம் கைல இருக்கு. மொத்தமா கிரீன் எனர்ஜி ஷேர்ல போட்டுரலாமா?"

நீங்களும் இதையே யோசிச்சிருப்பீங்க. கணக்கைப் பார்ப்போம்.

துறை வளருமா? வளரும், சந்தேகமே இல்லை. 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் உற்பத்தியான மின்சாரத்தில் சுமார் 47 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது. அந்த ஆண்டு சூரிய மின்சாரம் முதன்முறையாக நிலக்கரியை முந்தியது.

ஆனா உற்பத்தி கூடினா லாபமும் கூடுமா? அங்கேதான் சிக்கல். வெயில் அடிக்கும்போது எல்லா பேனலும் ஒரே நேரத்தில் மின்சாரம் தரும், விலை சரியும். ஜெர்மனியின் மின் சந்தையில் 2024-ல் 450 மணி நேரத்துக்கும் மேல் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது, விற்கிறவரே காசு கொடுக்கணும்!

நம்ம ஊர் உதாரணம் சுஸ்லான். 2005-ல் ஐபிஓ விலை 510 ரூபாய். 2008-ல் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் 102 ரூபாய். 2020 மார்ச்சில் அது 2 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அதே காலத்தில் இந்தியாவின் காற்றாலைத் திறன் பல மடங்கு கூடியிருந்தது. துறை ஜெயித்தது, கடன் சுமை முதலீட்டாளரைக் கவிழ்த்தது. 2024-ல் பங்கு 80 ரூபாயைத் தாண்டி மீண்டும், அந்த 102-ஐத் தொடவில்லை.

டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கடல் காற்றாலையில் உலக ஜாம்பவான். அதன் பங்கும் 2021 உச்சத்திலிருந்து 2025-க்குள் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வட்டி ஏறினால், கடன் வாங்கிக் கட்டும் தொழிலுக்கு முதல் அடி.

அப்போ என்ன செய்யலாம்?

1. முதலில் வீட்டு மாடியைப் பாருங்க. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். ஆனா தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். உங்க பில்லே 200 யூனிட்தான்னா மிச்சமாவது குறைவு, அவசரம் வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டுற வீடுன்னா கட்டாயம் கணக்குப் போடுங்க.

2. நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்ட் வெச்சிருந்தா, என்டிபிசி, பவர் கிரிட் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு.

3. தனிப் பங்குதான் வேணும்னா, மொத்த முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாதீங்க. வாங்கும் முன் மூணு விஷயம் பாருங்க: கடன் எவ்வளவு, மின்சாரத்தை என்ன விலைக்கு எத்தனை வருஷம் விற்க ஒப்பந்தம், மின்வாரியத்திடமிருந்து பணம் எத்தனை நாளில் வருது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: முதல்ல ஈபி பில்லை எடுத்துட்டு வாங்க, ஷேரை அப்புறம் பேசலாம்.