கத்தியைத் தீட்டுவதும் பக்திதான்

தீபாவளி முடிந்து ஒரு வாரம். 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலை பிரிக்கும் பிரட்டுக்கும் கிளம்புகிற நேரத்தில், இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் போயின, கோயிலும் போனது. பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கூடக் கடைசிவரை கிடைக்கவில்லை.

அப்புத்தளையில் இருக்கும் எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சாவு. சாமியே மண்ணுக்குள் போன பிறகு யாரைக் கும்பிடுவது என்று அன்று பலரும் அழுதார்கள். அந்தக் கேள்விக்கு நான் நம்பும் பதிலை என் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மலையில் கவ்வாத்து தொடங்கும் நாளில் மரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கத்திகளை அதன் முன் வரிசையாக அடுக்கித் தேங்காய் உடைப்பார்கள். கவ்வாத்துச் சாமி என்று அதற்குப் பெயர். முந்தின இரவே அப்பா கத்தியைத் தீட்டி, விரலால் பதம் பார்த்து வைத்துவிடுவார். "சாமி காப்பாத்தும். கத்திய பாத்துக்கிறது நம்ம வேலைம்மா" என்பார்.

மீரியபெத்தை சனமும் அப்படித்தான், சாமியைக் கும்பிட்டபடியே தன் வேலையைப் பார்த்து எழுந்தது. முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு மாகல்தெனியாவில் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்குள் குடும்பம் குடும்பமாகத் தடுத்துக்கொண்டு இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் 75 வீடுகள் கையளிக்கப்படும்வரை, ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த வாழ்க்கை. அதற்குள்ளும் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள், இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள். உடைந்து கிடப்பவரை எழுப்புவது பெரிய உபதேசம் அல்ல. பக்கத்தில் இருப்பவர் நீட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணியும், விடிந்தால் செய்ய வேண்டிய வேலையும்தான்.

ஆனால் "தோட்டத்துச் சனம் எதையும் தாங்கும்" என்று புகழ்ந்துவிட்டு நகர்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறு நிலம் இல்லாதவர் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் இது. தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்து அறைகூடத் தோட்டத்துக்குத்தான் சொந்தம். அந்த அழிவை விதி என்று சாமி தலையில் போடக் கூடாது.

ஆகவே மாரியம்மனைக் கும்பிடும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மழைமானியும் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் கிளம்பத் தயாராகுங்கள். 150ஐத் தொட்டால் வெளியேறிவிடுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, காரணமில்லாமல் இறுகிக்கொள்ளும் கதவு இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழைக் கணக்குப் பார்க்காமல் உடனே வெளியேறிவிடுங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் முதலில் கூட்டிக்கொண்டு போவதுதான் அந்த நேரத்துப் பூசை. சரியாத நிலத்தில் சொந்த வீடு கிடைக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே பக்திதான்.