முண்டு மிளகாய்: உறவுகள் கைகொடுக்கும் இரண்டு நாளில் எதைச் செய்யலாம்?

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கேற்ற விலை கிடைப்பது, பழத்தைப் பறித்துக் காய வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. மாசி, பங்குனியில் பறிப்பு ஆட்கள் கிடைப்பதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் உறவினர்களும் சனி, ஞாயிறு ஊருக்கு வந்து உதவுகிறார்கள். அந்த இரண்டு நாளையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

சனிக்கிழமை: பறிப்பு

பனி ஈரம் உலர்ந்தபின் பறிக்கத் தொடங்குங்கள். முழுதாகச் சிவந்த பழத்தை மட்டும் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு கழன்றால் அந்தத் துளை வழியே பூஞ்சாணம் உள்ளே போகும். மருந்து தெளித்திருந்தால், டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள். அழுகல், வெளிறல், பூச்சி துளைத்த பழங்களை அன்றே பிரித்துவிடுங்கள். மற்றவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் குவித்து வைத்தால் நிறம் சீராக ஏறும். சாக்கில் கட்டி வைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும்.

பழக்கமில்லாதவர்களுக்குக் கையுறை கொடுங்கள். கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காரம் எண்ணெயில்தான் கரையும், வெறும் தண்ணீரில் போகாது.

ஞாயிற்றுக்கிழமை: வத்தல் தரம் பிரிப்பு

முந்தைய பறிப்பில் காய்ந்த வத்தலை இன்று எடுங்கள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதம் இருக்கலாம். முண்டுக்குத் தோல் தடிமன் என்பதால், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் வளரும் பூஞ்சாணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் மிளகாயில் இந்த நச்சு ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஏற்பதில்லை. வறுத்தாலும் அரைத்தாலும் இது முழுதாக அழியாது. நம் வீட்டுக் குழம்புக்கும் இதே ஆபத்து உண்டு.

எடை கூடும் என்று வத்தலில் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். விலை இறங்கியிருந்தால் எட்டிவயல் குளிர்பதனக் கிடங்கில் இருப்பு வைப்பது பற்றி விசாரிக்கலாம்.

திங்கள் முதல்

நிழலில் குவித்த பழத்தைச் சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, தினமும் கிளறிவிடுங்கள். வெறும் மண்ணிலும் சாலையிலும் காய வைத்தால் மண்ணும் தூசியும் ஒட்டித் தரம் குறையும். மாலையில் பனி இறங்கும் முன் குவித்து மூடுங்கள். காய சுமார் 10 முதல் 15 நாட்கள் ஆகலாம். உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு இந்த வேலை வீட்டில் ஒருவர் மீதே விழும். எனவே அவர் தனியாகக் கிளறி மூடக்கூடிய அளவுக்கு மட்டும் அந்த வாரம் பறியுங்கள்.